பேப்பரில் மட்டும் வெளிநாடு போன மனைவி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். வீட்டில் இருக்கிற கட்டில், நாற்காலி, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் நலம். உங்கள் தங்கை நலமா என்பது உங்கள் விமானக் கம்பெனியின் கால அட்டவணைக்குத்தான் தெரியும். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், சேர்ந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமைதான்.

போனில் பேசி முடிக்க வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நினைக்காதீர்கள். போன் பண்ணினால் “மீட்டிங்ல இருக்கேன் மாப்ள, அப்புறம் கூப்பிடுறேன்” என்கிறீர்கள். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. கடிதம் என்றால் மீட்டிங்கிலேயே மேசைக்கு அடியில் வைத்துப் படித்துவிடலாம். ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் உங்கள் தங்கையின் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடியும் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவள் அந்த நாட்டுக்காரி. உங்கள் தாய் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில், புதிதாகச் சேருகிற விமானப் பணிப்பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். நம் ஊரிலேயே, நம் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அதை அவளுக்கு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடிதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் புலம்பல். அதற்காகப் படிக்காமல் மடித்து வைத்துவிடாதீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பித்தது. நீங்கள் தண்ணீர் ஜக்கை நடுவில் வைத்து “இது தாய் நிறுவனம் மாப்ள” என்றீர்கள். ஒரு சின்ன டம்ளரை மேசையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்து “இது அந்த நாட்டுல நாங்க ஆரம்பிக்கிற துணை நிறுவனம். பிள்ளைன்னு வச்சுக்கோங்க” என்றீர்கள். விமானம் எல்லாம் ஜக்குக்கே சொந்தம், விமானத்துக்குள் வேலை பார்க்கிற பெண்கள் மட்டும் டம்ளருக்கு மாறிவிடுவார்கள், அந்த ஊரில் சம்பளம் குறைவு, சட்டமும் அவ்வளவு கெடுபிடி இல்லை, அதே விமானம், அதே டிக்கெட், அதே சிரிப்பு, செலவு மட்டும் பாதி என்று விளக்கினீர்கள். “யாருக்கும் வேலை போகாது. எல்லாம் பேப்பர்லதான் மாறுது” என்று சொல்லி அந்த டம்ளர் தண்ணீரையும் நீங்களே குடித்துவிட்டீர்கள். “அப்ப நான் எந்த ஊர்லண்ணே இருப்பேன்?” என்று உங்கள் தங்கை கேட்டாள். “பேப்பர்ல அங்க. மத்தபடி ஆகாயத்துல” என்றீர்கள். நாங்களும் விவரம் இல்லாமல் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருக்கிறது. எங்காவது உண்டா மச்சான், தாய் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பிள்ளையை வெளிநாட்டில் பெற்றுப் போட்டுவிட்டு, அதற்கு ஆயா வேலை பார்க்க என் பெண்டாட்டியை அனுப்புவது? எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் நீங்கள்தான். கொடுத்த கையாலேயே திருப்பி வாங்கிக்கொண்டீர்கள்.

இப்போது அவள் அந்த நாட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில், ஒரே அறையில் நாலு பெண்களோடு இருக்கிறாள். அங்கே கணவன்மார்களுக்கு அனுமதி கிடையாது. “நீங்களும் அங்க போய் ஒரு வேலை பார்த்துக்கலாமே” என்பீர்கள். என் உரிமம் இந்த நாட்டு லிஃப்டுக்கு மட்டும்தான் செல்லும். வேடிக்கை என்னவென்றால், அவள் வாராவாரம் நம் ஊருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். விமானத்தில் வந்து இறங்குகிறாள், கம்பெனி வேனில் ஏறுகிறாள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விடுதிக்குப் போகிறாள், தூங்குகிறாள், திரும்பிப் போகிறாள். நம் வீட்டிலிருந்து அந்த விடுதிக்கு என் ஓட்டை வண்டியிலேயே ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் ஓய்வு நேரத்தில் யாரும் விடுதியைத் தாண்டக் கூடாதாம், வெளியாட்கள் யாரும் பார்க்க வரக் கூடாதாம். “என் வீடு அந்த ஊர்லதானே இருக்கு, போயிட்டு வந்துடுறேனே” என்று இவள் கேட்டிருக்கிறாள். பிள்ளைக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க வீடு இங்கதான்னு இருக்கு. அந்த ஊர்ல நீங்க வெளியாள்” என்று சொல்லிவிட்டார்கள். விதியை மீறினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். “வீட்டுக்குத்தானே அனுப்புறாங்க, அதைத்தானே நாமளும் கேக்குறோம்?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணினாள். விடுதியின் ஆறாவது மாடியில் அவளுக்கு அறை கொடுத்திருக்கிறார்கள். “என்னங்க, இந்த ஜன்னல்லருந்து பார்த்தா நம்ம மாடித் தண்ணி டேங்க் தெரியுதுங்க. மூடி திறந்து கிடக்கு போலிருக்கே” என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் திறந்துதான் கிடந்தது. மூடினேன். “இப்ப சரி” என்றாள். நான் தெரிகிறேனா என்று கேட்டேன். “ஒரு புள்ளி தெரியுது. அது நீங்கதான்னு வச்சுக்கிட்டேன்” என்றாள். அன்றைக்கு மாடியை விட்டு இறங்க எனக்கு மனசே வரவில்லை மச்சான். இருட்டிய பிறகும் புள்ளியாகவே நின்றுகொண்டிருந்தேன்.

கட்டிய பெண்டாட்டிக்குப் புள்ளியாக மட்டும் தெரிந்தால் போதுமா என்று ரோஷம் வந்து, அடுத்த தடவை அவள் வந்தபோது நம் வீட்டுச் சிவப்புப் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடியில் நின்று ஆட்டினேன். நீங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பெட்ஷீட்தான். “தெரியுது, தெரியுது, இன்னும் மேல தூக்குங்க” என்று போனில் அவள் சொல்லச் சொல்ல, நானும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ஆட்டினேன். எங்கள் மாடி விமானம் இறங்குகிற பாதையில் இருக்கிறது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. விமான நிலையப் பாதுகாப்புக்காரர்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க மேலே வந்தார்கள். கூடவே எங்கள் வீட்டுக்காரரும் வந்தார், இவனைக் காலி பண்ண ஒரு காரணம் கிடைத்தது என்கிற சந்தோஷத்தோடு.

“யாருக்குய்யா சிக்னல் குடுக்குற?”

“என் வீட்டுக்காரிக்கு சார்.”

“அவங்க எங்க இருக்காங்க?”

“வெளிநாட்டுல சார்.”

“வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இங்கருந்து பெட்ஷீட் ஆட்டுனா தெரியுமா?”

“பேப்பர்லதான் சார் வெளிநாடு. ஆள் அந்தா, அந்த ஜன்னல்ல நிக்குறா.”

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதில் பெரியவர் என் தோளில் கை வைத்து, “தம்பி, வீட்ல வேற யாராவது பெரியவங்க இருக்காங்களா?” என்று ரொம்பத் தன்மையாகக் கேட்டார். பெட்ஷீட்டைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். இருந்த புள்ளியும் போயிற்று.

சரி, மாடி போனால் தெரு இருக்கிறது என்று, அவள் வருகிற நாளாகப் பார்த்து விமான நிலைய வாசலில் போய் நின்றேன். பணிப்பெண்கள் வரிசையாகப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள், அதில் நாலாவதாக வந்தாள். இளைத்திருந்தாள் மச்சான். கொண்டையை ஒரு முடிகூடச் சிலும்பாமல் போட்டிருந்தாள். நான் இங்கே நிற்கிறேன் என்று தெரிந்தும் நிற்க முடியாமல், கண்ணை மட்டும் என் பக்கம் விட்டுவிட்டு வேனில் ஏறினாள். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள், நான் கையை ஆட்டினேன், அவள் 'ரோட்டைப் பாருங்க' என்று வாயை அசைத்தாள், நான் ரோட்டைப் பார்க்காமல் ஒரு தள்ளுவண்டியில் லேசாக மோதி விழுந்தேன், மறுபடி எழுந்து ஓட்டினேன், சிக்னலில் வேன் நின்றபோது கண்ணாடியைத் தட்டிச் சிரித்தேன். இதையெல்லாம் வேன் டிரைவர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மறுநாள் விடுதியில் மாடிக்கு மாடி லிஃப்டுக்கு எதிரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நம் பணிப்பெண்களை ஒரு மர்ம ஆசாமி பின்தொடர்கிறான், பெரிய மீசை, பழைய இருசக்கர வண்டி, எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று போட்டு, கேமராவில் பிடித்த என் படத்தையும் போட்டு. படம் நன்றாகவே வந்திருக்கிறது என்று உங்கள் தங்கை சொன்னாள். அந்த நோட்டீசைப் படித்துவிட்டேன், இந்த ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போவேன் என்று எல்லாப் பெண்களையும் போல அவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஊர் உலகத்தில் எந்தப் புருஷனுக்காவது இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்குமா?

அப்போதுதான் எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. அந்த விடுதியின் லிஃப்ட் எங்கள் லிஃப்ட் கம்பெனி பராமரிக்கிற லிஃப்ட். அதைப் பார்த்துக்கொள்வது எங்களோடு வேலை பார்க்கிற ஆமை. அவர் வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பேர், அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். ஆமையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு நாளைக்கு அந்த விடுதியை என்னிடம் மாற்றி வாங்கினேன். மீசையை எடுத்தேன். பதினெட்டு வயசில் வைத்த மீசை. கண்ணாடியில் யாரோ என் தம்பி மாதிரி ஒருத்தன் பயந்துபோய் நின்றான். உங்கள் தங்கையிடம் மீசை விஷயத்தைச் சொல்லவில்லை, திட்டத்தை மட்டும் சொன்னேன். சாயங்கால டீ நேரத்தில் அவள் ஆறாவது மாடியில் இடது பக்க லிஃப்டில் தனியாக ஏற வேண்டியது. நான் டூல் பெட்டியோடு உள்ளே இருப்பேன். பேனலில் இருக்கிற சாவியைத் திருப்பினால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். அஞ்சு நிமிஷம் பேசிவிட்டு மறுபடி திருப்பினால் கிளம்பிவிடும். விடுதியை விட்டு அவளும் வெளியே போகவில்லை, அவளைப் பார்க்க வெளியாளும் வரவில்லை, மெக்கானிக் அவன் வேலையைப் பார்க்கிறான். எந்த விதியும் மீறப்படவில்லை. உங்கள் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமாகத் திட்டம் போட மாட்டார்கள்.

ஆறாவது மாடியில் கதவு திறந்தது. அவள் நின்றாள். அத்தனை மாசத்துக்கப்புறம் கைக்கெட்டுகிற தூரத்தில் பார்க்கிறேன். வந்தாள், ஏறினாள், கதவு மூடியது, லிஃப்ட் கிளம்பியது, என் கை தன்னால் சாவியைத் திருப்பிவிட்டது. நின்ற பிறகுதான் சுற்றிலும் பார்க்கிறேன், அவளுக்குப் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். அவளோடு ஒரே அறையில் இருக்கிற அந்த நாட்டுச் சின்னப் பெண்கள் இரண்டு பேர். கூடவே அவர்களுடைய மேற்பார்வையாளர். சட்டைக்கும் இஸ்திரி போட்டு முகத்துக்கும் இஸ்திரி போட்ட மனுஷன். விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று உங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. அவசரமாகச் சாவியைத் திரும்பப் போட்டேன். தேய்ந்த சாவி, படக்கென்று உள்ளேயே முறிந்துவிட்டது. பாதி என் கையில் வந்துவிட்டது.

மேற்பார்வையாளர் அலாரத்தை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் என் பையில் போன் அடித்தது. வேறு யாருமில்லை, எங்கள் லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவு. அதையும் போன வருஷம் வேறு ஏதோ நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் பாவம், தூக்கக் கலக்கத்தில் பேசினாள். “சார், விடுதியில் லிஃப்ட் நின்றுவிட்டதாகப் புகார். மிக அருகில் இருக்கும் மெக்கானிக் நீங்கள்தான் என்று காட்டுகிறது. எவ்வளவு நேரத்தில் அங்கே போய்ச் சேருவீர்கள்?” “போய்ச் சேர்ந்துட்டேம்மா” என்றேன். இவ்வளவு சீக்கிரமாகவா என்று ஆச்சரியப்பட்டு, சிறந்த சேவைக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். நான் மறுபடி கூப்பிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டதே நான்தான், வெளியிலிருந்து வேறு ஆளை அனுப்பு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் வேறு ஆளை அனுப்பினாள். ஆமையை.

எனக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து மேற்பார்வையாளர் உங்கள் தங்கையிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். இந்த மெக்கானிக் பயந்துவிட்டான், அவனுக்குத் தைரியம் சொல் என்றாராம். அந்த மனுஷனுக்கு நம் பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. உங்கள் தங்கை ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் நிமிர்ந்து நின்றாள், இரண்டு கையையும் கோத்து முன்னால் வைத்துக்கொண்டாள், விமானத்தில் அறிவிப்புச் செய்கிற சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டாள்.

“அன்பார்ந்த பயணிக்கு வணக்கம். மீசை எங்கே?”

“உன்னைப் பார்க்கத்தான் எடுத்தேன்” என்றேன், ஸ்க்ரூடிரைவரால் பேனலைத் தட்டிக்கொண்டே.

“மெஷின்ல போட்ட துணியை அன்னைக்கே எடுத்துக் காயப்போடுறீங்களா, இல்ல நாத்தம் வர்ற வரைக்கும் விட்டுடுறீங்களா?” இதைக் கேட்டபோது வலது பக்கமும் இடது பக்கமும் கையை நீட்டி அவசர வழிகளைக் காட்டினாள். மேற்பார்வையாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“ரெண்டு நாள் ஆயிடுது.”

“தூக்கம் வருதா?”

“வரலை. உனக்கு?”

“எனக்கும் வரலை.” தலைக்கு மேலிருந்து இல்லாத ஆக்ஸிஜன் முகமூடியை இழுத்து மூக்கில் வைத்துக் காட்டினாள். “உங்களைத் தொடணும் போல இருக்கு. பக்கத்துல அவர் நிக்குறார்.” சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

நான் டூல் பெட்டியைக் கைதவறி விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். ஸ்பேனர், போல்ட், வாஷர் எல்லாம் தரையெங்கும் சிதறியது. பயணிக்கு உதவ வேண்டியது அவள் கடமை அல்லவா, குனிந்தாள். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அவ்வளவு நிதானமாக நான் என் ஆயுசில் எதையும் பொறுக்கியதில்லை. ஒரே ஸ்பேனரை நாலு தடவை எடுத்துப் போட்டோம். அவள் கை சில்லென்று இருந்தது. அந்த நேரத்தில்தான் சொன்னாள், ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று. அந்தப் பெண்களோடு சேர்ந்து உங்கள் ஆபீசுக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறாளாம். ஒரே விமானத்தில் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும், எந்த ஊரில் வீடு இருக்கிறதோ அந்த ஊரில் இறங்கினால் வீட்டுக்குப் போக விட வேண்டும் என்று. முதல் பெயர் அவளுடையது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்மளே இங்க லிஃப்டுக்குள்ள குடும்பம் நடத்திட்டு இருக்கோம், ஊருக்கெல்லாம் நீதான் கேக்கணுமா?” என்றேன். “அதுங்களுக்கு நான் சம்பாதிக்கிறதுல பாதிகூட இல்லைங்க. கேக்கவும் பயம். நான்தான் கேக்கணும்” என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தச் சின்னப் பெண்களில் ஒருத்தி என் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்ல ஆசைப்பட்டு, தனக்குத் தெரிந்த ஒரே நம் ஊர் வாக்கியத்தைச் சொன்னாள்: “பெல்ட்டைப் போடுங்க.”

ஆமை வந்து சேர்ந்தார். அந்த மனுஷன் ஒரு மாடி ஏறுவதற்குள் நாங்கள் இன்னொரு தரம் எல்லாவற்றையும் கொட்டிப் பொறுக்கிவிடலாம். அவர் இன்னும் மெதுவாக வந்திருக்கக் கூடாதா என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். மேலே போய் மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை ஆறாவது மாடிக்கே ஏற்றிக் கதவைத் திறந்தார். திறந்தால் எதிரிலேயே நோட்டீஸ், அதில் மீசையோடு நான். அந்தச் சின்னப் பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் மேலுதட்டில் விரலை மீசை மாதிரி வைத்துப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கத்தவில்லை. தன் தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இரண்டு பேருமாக அந்த நோட்டீசை மறைத்து நின்றுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். மாட்டியிருந்தால் அவர்களுக்கும் எச்சரிக்கைதான். மேற்பார்வையாளர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். உங்கள் தங்கை பின்னாலேயே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதிருப்பாள்.

இதுதான் மச்சான் நடந்தது. எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை. செலவைக் குறைப்பது உங்கள் உத்தியோகம், அதை நான் குற்றம் சொல்லவில்லை. குறைத்த செலவெல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் சில நேரம் யோசிப்பேன். ஒரு பகுதி என் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைத்தால் மிச்சம் விழுகிறது, சமைக்காவிட்டால் வீடு வீடாக இல்லை. அவள் உபயோகிக்கிற சோப்பு தீர்ந்துவிடக் கூடாது என்று நான் வேறு சோப்பு போட்டுக் குளிக்கிறேன். கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்துக்கு நான் உருண்டு போவதில்லை. எனக்கு என் பெண்டாட்டி வேண்டும் மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மனு, சம்பளம், அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பயிற்சிப் பள்ளி வேலையை மட்டும் உங்கள் தங்கைக்குக் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உயரமாக வளரட்டும், பெரிய கம்பெனியில் சேரட்டும், அது எந்த நாட்டுக் கம்பெனி என்று விசாரித்துவிட்டுச் சேரட்டும். உங்கள் மீட்டிங்குகள் எல்லாம் சீக்கிரம் முடியட்டும். உங்கள் குடும்பம் ஒரே மேசையில் நூறு வருஷம் சாப்பிட வேண்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் அன்புள்ள,
மீசை பாதி வளர்ந்த மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டி, தபால் பெட்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது உங்கள் தங்கை போன் பண்ணினாள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உங்கள் ஆபீஸிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்ததாம். பயிற்சிப் பள்ளி வேலை அவளுக்குத்தானாம், அடுத்த வாரமே நம் ஊரில் சேர்ந்துகொள்ளலாமாம். ஒன்றே ஒன்று செய்ய வேண்டுமாம், மனுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். அவள் பெயர் போனால் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பயந்துகொண்டு விலகிவிடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது மச்சானாக நீங்கள் செய்த உதவியா, ஆபீசராகச் செய்த வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நாலு நாளாக உட்கார்ந்து எழுதிக் கேட்டதைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டீர்கள். “வந்துடட்டுமா? நீங்க வான்னு சொன்னா வந்துடுறேன்” என்றாள் உங்கள் தங்கை. பின்னால் அந்தப் பெண்களின் சத்தம் கேட்டது, ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது போலிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் மச்சான்.

ஆகையால் மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். திங்கட்கிழமை மனுவைப் பற்றிப் பேச அவளை உங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவள் உங்கள் முன்னால் வந்து உட்காருவாள், தங்கை என்று சலுகை காட்டாதீர்கள், அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், போதும். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் முழுசாகவே அனுப்புகிறேன். நான் எதை வேண்டாம் என்று சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் வேண்டாம் என்றதும் அவள், “சரிங்க” என்றாள். அப்புறம், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். சாப்பிட்டாச்சு என்றேன். அடுப்பையே பற்ற வைக்கவில்லை.